காது கொடுத்தால் பங்கு குறைந்துவிடாது

இந்த வாரமும் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன், தங்கை, அப்பா விட்டுப்போன ஒரு வீடு, அதன் முன்பக்கம் வாடகைக்கு விட்ட ஒரு கடை. (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வருடக்கணக்கில் வாய்தா வாங்கி அலுத்த பிறகு நீதிபதி சமரசத்துக்கு அனுப்பினார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே இருவரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்னைப் போல் சமரசராக இருப்பவர்களுக்கு இது தினப்படி சங்கதிதான். இருந்தாலும் எனக்கு இப்போது பொறுமை தீர்ந்துகொண்டு வருகிறது.

தங்கை பேசி முடித்ததும் அண்ணனிடம் கேட்டேன்: "இப்ப அவங்க என்ன சொன்னாங்க, சொல்லுங்க." "பங்கு கேக்கறா மேடம், வேற என்ன?" என்றார். அந்தப் பெண் அதுவரை பங்கு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அம்மாவின் கடைசிக் கால ஆஸ்பத்திரிச் செலவைத் தான் பார்த்ததையும், காரியம் முடிந்த கையோடு அண்ணன் விடுதலைப் பத்திரத்தை (பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது) டைப் அடித்துக் கொண்டுவந்து "கையெழுத்துப் போடு" என்று நீட்டியதையும்தான் சொன்னார். சரி, தங்கையாவது கேட்டாரா? இல்லை. கடைக்கு ஆள் இல்லாமல் பல மாதம் வாடகையே வரவில்லை என்று அண்ணன் சொன்னதை, "வாடகையைத் தின்னுட்டாரு" என்று திருப்பிச் சொன்னார்.

சட்டத்தில் இங்கே வாதாடப் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால் மகளுக்கும் சம பங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும், அப்போது திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே உரிமை கொடுத்தது. 2005-இல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. அப்புறமும் வழக்கு இழுக்கிறது என்றால், இழுப்பது சட்டம் இல்லை.

என்னை மிகவும் எரிச்சல்படுத்துவது ஒரு நம்பிக்கை: எதிராளி பேசும்போது சும்மா இருந்தால் அதை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே கிடையாது. "நான் பேசாம இருந்தா அவ சொன்னது உண்மைன்னு ஆயிடாதா மேடம்?" ஆகாது. ஆகவே ஆகாது. "செலவை நீ பார்த்தாய், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பத்திரம் எழுதியது உனக்கு வலித்தது, அதுதானே சொல்கிறாய்?" என்று கேட்பதால் ஒரு சென்ட் நிலம்கூடக் கைமாறாது. அவர் சொன்னது காதில் விழுந்தது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். சமரச அறையில் இந்தப் பயத்துக்கு இடமே இல்லை. அங்கே பேசியதை, சில விதிவிலக்குகள் தவிர, வழக்கில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. 2023 சமரசச் சட்டமே அப்படிச் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கியது 2005-இல். இத்தனை வருடம் கழித்தும் குறுக்கு விசாரணைக்கு வருகிற மாதிரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். (வக்கீல் நண்பர்களே, கட்சிக்காரரின் காதில் கிசுகிசுப்பதை அரை மணி நேரமாவது நிறுத்துங்கள்.)

வீட்டிலேயே பேசப் போகிறீர்களா? அவர் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லி, "ஆமா, அதான்" என்று அவர் சொன்ன பிறகு உங்கள் பதிலைத் தொடங்குங்கள். 'ஆனா' என்று ஆரம்பிக்காதீர்கள். "ஏன் அப்படிச் செஞ்சே?" என்றால் சண்டைதான் வரும், "என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள், விஷயம் வரும். கல்யாணத்தில் போட்ட நகைக் கணக்கை எடுக்காதீர்கள், தயவுசெய்து. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சொத்து பேசவே பேசாதீர்கள். சித்தப்பா, மச்சான் என்று சபை கூட்டாதீர்கள். பார்க்க ஆள் இருந்தால் யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

இவ்வளவும் இருவரும் பயமில்லாமல் உட்காரக்கூடிய இடத்துக்குத்தான். அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் "பொறுமையாகக் கேட்டுப் பார்" என்று ஒரு பெண்ணுக்குப் புத்தி சொல்லாதீர்கள். அவருக்குத் தேவை பாதுகாப்பு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள்.

நம் அண்ணன் தங்கைக்கு வருவோம். ஆஸ்பத்திரி பில்லையும் வாடகைக் கணக்கையும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வீடு யாருக்கு என்பது இன்னும் முடியவில்லை. அடுத்த அமர்வு இருக்கிறது. அதற்கு வரும்போது இருவரும் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். போன முறை பன்னிரண்டரை மணிக்கு மேல் யார் பேசியதும் யாருக்கும் ஏறவில்லை.