பதினோரு அளவு ஜாக்கெட்டுகள்

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். படியேறும்போதே ஊதுவத்திப் புகை கண்ணைக் கரித்தது. ஒன்றிரண்டு அல்ல, கொத்தாக ஏற்றி வைத்திருந்தார்கள். புகைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அது உடனே பிடிபடும். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்து புண்ணாகிவிட்டால் எழும் வாடை அது. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார் அந்த அக்கா. ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு, ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அடையாளம் தெரியாமலிருக்க ஒருசில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

“இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், டாக்டரம்மா” என்றார் கணவர்.

புற்றுநோயாளிகளின் வீடுகளுக்கே சென்று வலி தணிப்புச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் நான். இத்தனை ஆண்டுகளில் என்னை அதிகம் கோபப்படுத்திய வாக்கியம் இதுதான். கட்டியைக் கரைக்க வழியில்லாமல் போகலாம். ஆனால் அந்த அறையில் செய்வதற்கு அன்று மட்டும் ஐந்தாறு வேலைகள் இருந்தன.

உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: “இப்படிப்பட்ட வீடுகளுக்கே போய் வருகிறாயே, வாழ்க்கை வெறுத்துப் போகாதா?” வெறுத்துப் போகவில்லை. நான் பார்த்த உண்மையான மகிழ்ச்சிகளில் பல இந்த வீடுகளில் பார்த்தவை. ஆனால் அது தானாக வருவதில்லை. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் உடம்பின் வேதனை இறங்க வேண்டும். அதன் பிறகுதான் பேச்சு, அதன் பிறகுதான் மற்றதெல்லாம். நாம் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறோம். வலியில் துடிப்பவரிடம் “மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் கடவுள் சித்தம்” என்கிறோம். இல்லையென்றால், “நோய் குணமாகட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று எல்லாவற்றையும் தள்ளிப் போடுகிறோம்.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். பயிற்சி முடித்த புதிதில், எலும்புக்குப் பரவிய புற்றுநோயோடு இருந்த ஒரு பெரியவரின் கட்டிலருகே உட்கார்ந்து, கிடைத்த வாழ்க்கையின் நல்லவற்றை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, “முதலில் இந்த இடுப்பைப் பார் அம்மா” என்றார். இருபது ஆண்டுகளாகியும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது.

அக்காவிடம் அன்று முதலில் புண்ணைத்தான் பார்த்தோம். கட்டியிருந்த பழைய துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் ரத்தம் வரும். கொதிக்க வைத்து ஆறிய உப்பு நீரை ஊற்றி ஊற்றி, அது தானாக விடும்வரை எங்கள் செவிலியர் பொறுமையாகக் காத்திருந்தார். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவினோம். வாடைக்குக் காரணம் காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள். இந்த மருந்து அவற்றைத்தான் கொல்கிறது. விலை குறைவு, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். மருத்துவரைக் கேட்டு, கட்டு மாற்றும்போதெல்லாம் இப்படித் தூவி வந்தால் சில நாட்களில் வாடை வெகுவாகக் குறைந்துவிடும். ஊதுவத்தியை அணைக்கச் சொன்னேன்.

அடுத்தது வலி. அபினியிலிருந்து எடுக்கப்படும் வலி மருந்தான ‘மார்ஃபின்’ பெயரைச் சொன்னதும் கணவரின் முகம் மாறியது. “அது கடைசியில் கொடுப்பது அல்லவா? போதை மருந்து என்கிறார்களே?” இந்த இரண்டு பயங்களையும் வாரத்துக்கு ஒரு வீட்டிலாவது கேட்கிறேன். பதிலைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். மார்ஃபின் கொடுக்க வேண்டிய நேரத்தை வலிதான் முடிவு செய்கிறது. ஆயுள் எவ்வளவு மிச்சம் என்பது அல்ல. வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில், கண்காணிப்போடு எடுத்துக்கொள்பவர்கள் போதைக்கு அடிமையாவது அபூர்வம். சாதாரண மாத்திரையாக இருந்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். வலி தலைதூக்கிய பிறகு தேடுவது அல்ல, தலைதூக்கும் முன்பே கொடுப்பதுதான் முறை. முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம். அவை பெரும்பாலும் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. அதனால் மார்ஃபின் தொடங்கும் அன்றே அதற்கான மருந்தையும் தொடங்கிவிட வேண்டும். இதை மறந்த வீடுகளில், வயிறு கல்லாகிப் போய் “இந்த மருந்தே வேண்டாம்” என்று நிறுத்திவிட்டு மறுபடியும் வலியில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சட்டப்படி அபினிச் செடி பயிரிடும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசின் உரிமம் பெற்ற வயல்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் மார்ஃபின் வைத்திருக்கவே மருத்துவமனைகள் அஞ்சின. 2014இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வைத்திருந்து கொடுப்பது எளிதானது. சட்டத்திலிருந்த பயம் குறைந்துவிட்டது. மருத்துவர்கள் மனதிலும் குடும்பத்தார் மனதிலும் இருக்கிற பயம் இன்னும் குறையவில்லை.

லண்டனில் 1967ஆம் ஆண்டு, குணமாக வழியில்லாத நோயாளிகளைப் பராமரிக்க செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் செவிலியர், பிறகு சமூகப் பணியாளர், அதன் பிறகு படித்து மருத்துவர் ஆனவர். வலி உடம்போடு நிற்பதில்லை, மனதிலும் உறவிலும் பணக்கவலையிலும் ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வியிலும் அது பரவியிருக்கிறது, எல்லாம் சேர்ந்ததே முழு வலி என்று சொன்னவர் அவர். இன்று உலகம் முழுவதும் எங்கள் துறையினர் அந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறோம். அவர் சொன்னதன் மறுபக்கத்தையும் நான் வீடுகளில் பார்க்கிறேன். உடம்பின் வலியை இறக்கி வைத்ததும், அதுவரை அது மறைத்து வைத்திருந்த மற்ற வலிகள் எழுந்து உட்கார்ந்துகொண்டு பேசத் தொடங்கும்.

மூன்றாவது முறை போனபோது கதவு திறந்திருந்தது. அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரவு தூங்கினாராம். நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டேன்: “அக்கா, இப்போது மனதை எது அரித்துக்கொண்டிருக்கிறது?”

‘எத்தனை நாள் இருப்பேன்’ என்று கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கட்டிலுக்கு அடியில் கை காட்டினார். ஒரு துணிக்கடைக் கட்டைப்பை. உள்ளே பதினோரு ஜாக்கெட் துணிகள், ஒவ்வொன்றோடும் ஓர் அளவு ஜாக்கெட், குண்டூசி குத்திய பெயர்ச்சீட்டு.

“தீபாவளிக்கு என்று கொடுத்தது. பொங்கலே போய்விட்டது. துணியை மட்டும் வாங்கி வைத்திருந்தால் பரவாயில்லை. அளவு ஜாக்கெட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். அது இல்லாமல் அவர்கள் வேறு இடத்தில் தைக்கக் கொடுக்கவும் முடியாது. வந்து கேட்கவும் சங்கடப்படுகிறார்கள். இந்த வாடையில் யாரை உள்ளே கூப்பிடுவது?”

நோய் வந்த நாளிலிருந்து அவரிடம் எல்லோரும் உடம்பைப் பற்றி மட்டுமே கேட்டிருக்கிறார்கள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, வலிக்கிறதா. அவர் ஒரு தையல்காரர் என்பதை வீடே மறந்துவிட்டது. அவர் மறக்கவில்லை.

‘திருப்பிக் கொடுத்துவிடலாம்’ என்றார் கணவர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. தைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் நிணநீர் தேங்கி வலது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கியிருந்தது. கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாது. மகளுக்குத் தெரிந்ததெல்லாம் கொக்கி வைப்பதும் ஹெம்மிங் செய்வதும்தான். கூடத்து ஜன்னலோரம் இருந்த மிஷினைக் கணவர் கட்டிலுக்கு எதிரே நகர்த்திப் போட்டார். அக்கா சொல்லச் சொல்ல மகள் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினாள். இரண்டாவது ஜாக்கெட்டில் வலக்கையையும் இடக்கையையும் மாற்றி ஏற்றிவிட்டாள். நான் அன்று அங்கே இருந்தேன். அக்கா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பிரி. இரண்டு கையையும் பிரி. நாளைக்கு அவள் கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கும், என் பெயரைத்தான் சொல்வாள்.” அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. மகள் முணுமுணுத்துக்கொண்டே தையலைப் பிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த கணவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அழுவது தெரியக்கூடாது என்று போனார் என்பது பிறகுதான் புரிந்தது.

கணவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் நாளே என்னை வாசலுக்கு அழைத்துப் போய், “கேன்சர் முற்றிவிட்டது என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள், உடைந்துபோவாள்” என்று கேட்டுக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து, அவர் இல்லாத நேரத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “எனக்கு நாள் அதிகமில்லை என்று அவருக்குத் தெரியுமா, டாக்டரம்மா? தெரிந்தால் தாங்க மாட்டார்.” ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரே விஷயத்தை ஒளித்துக்கொண்டிருந்தார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஒளிப்பில் கழிகிற நாட்கள் திரும்பி வராது. நகை யாருக்கு, மகளின் படிப்பு என்னாவது, ‘உன்னை அன்று அடித்தது தப்பு’ என்பதெல்லாம் சொல்லப்படாமலேயே போய்விடும். நோயாளி கேட்டால் பொய் சொல்லாதீர்கள். கேட்காதவரிடம் திணிக்கவும் வேண்டாம். “உனக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?” என்று கேளுங்கள், அது போதும்.

இப்படி ஒரு வாழ்க்கையில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கடுமையான உடற்குறைகளோடு வாழ்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் வாழ்க்கைத் தரம் நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள். என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. குறை இருப்பதாலேயே வாழ்க்கை வெறுமையாகிவிடுவதில்லை. அந்தக் குறையைத் தவிர வேறெதற்கும் அவரை யாரும் தேடாமல் போகும்போது வெறுமையாகிறது.

எல்லோருக்கும் இப்படி ஒரு கட்டைப்பை கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சென்ற ஆண்டு பார்த்த ஓர் இளம் தகப்பனுக்குக் கடைசிவரை கோபம் ஆறவில்லை. ஆற வேண்டிய நியாயமும் இல்லை. இரண்டு சின்னக் குழந்தைகள். வலியைக் குறைத்தோம், மூச்சிரைப்பைக் குறைத்தோம், தூக்கத்தைக் கொடுத்தோம். அதற்கு மேல் நான் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது அவரை அவமதிப்பதாக இருந்திருக்கும். அவர் கேட்டபோதெல்லாம் போய் உட்கார்ந்திருந்தேன்.

பராமரிப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் கணவரைக் கவனித்துக்கொண்ட ஒரு பெண், தங்கை மகளின் கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் போய்வந்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் பேசினார். பட்டுப்புடவை கட்டினாராம், சிரித்தாராம். இதற்கெல்லாம் ஏன் குற்றவாளியாக வேண்டும்? பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். “நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், நீ போய்வா” என்று சொல்லுங்கள். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் கேரளம் முழுவதும் பரவியதற்கு மருத்துவர்கள் மட்டும் காரணமல்ல. பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தார் வாரந்தோறும் வீடு வீடாகப் போனதுதான் அதைத் தாங்கி நிறுத்தியது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி தணிப்புச் சேவையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அல்லது 104ஐ அழையுங்கள். ‘கடைசிக் கட்டம்’ வரும்வரை காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நுரையீரல் புற்றுநோய் பரவிய 151 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2010இல் வெளியானது. புற்றுநோய்ச் சிகிச்சையோடு தொடக்கத்திலேயே வலி தணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. சராசரியாக ஏறத்தாழ மூன்று மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

அக்கா அதன் பிறகு ஏழு வாரம் இருந்தார். ஜாக்கெட்டுக்கு உரியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், கட்டிலோரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள், போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். பதினொன்றில் எட்டு முடிந்தது. ஒரு விடிகாலையில், கணவரும் மகளும் பக்கத்தில் இருக்க, வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, மிச்சமிருந்த மார்ஃபின் மாத்திரைகளைத் திரும்ப வாங்கப் போயிருந்தேன். மகள் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். மீதி மூன்றில் இரண்டைத் தைத்துக் கொடுத்துவிட்டாளாம். வாங்க வந்த பெண்கள் கூலிக்கு மேல் கூடுதலாகக் கையில் திணிக்கப் பார்த்திருக்கிறார்கள். இவள் வாங்கவில்லை. அம்மாவின் கணக்கு நோட்டைத் திறந்து எனக்குக் காட்டினாள். பெயருக்கு நேரே அம்மாவின் கையெழுத்தில் கூலி எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இவள் ‘வரவு’ என்று எழுதியிருந்தாள்.