அக்குபங்சர்: ஊசி தெரிந்தது, நெருப்பு விடுபட்டது

யாழ்ப்பாணத்தில் குத்தூசி என்றால் வேலி அடைக்கிற ஊசி. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவர் குத்தித் தள்ள, அந்தப் பக்கம் நிற்பவர் கயிற்றைக் கோத்துத் திருப்பி விடுவார். கிடுகு வேலிகள் மதிலாகிவிட்டன, சொல் மட்டும் இன்னும் போகவில்லை. மாதா மாதம் மாதவிடாயோடு வருகிற நாரி நோவில் சுருண்டு படுக்கிற என் மச்சாளிடம் யாரோ "குத்தூசி மருத்துவம் செய்து பாரன்" என்றபோது அவள் கேட்டாள்: "என்னை என்ன, வேலியெண்டு நினைச்சிட்டினமோ?"

சரி, குத்தூசி மருத்துவம் என்று தமிழில் எழுதுகிற அக்குபங்சர் என்றால் என்ன? இலத்தீனில் 'ஆக்குஸ்' ஊசி, 'புங்க்தூரா' குத்துதல். சைக்கிள் ரியூப்பில் ஆகிற பஞ்சரும் இதே புங்க்தூராவின் பிள்ளைதான். ஆகவே 'அக்குபஞ்சர்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை. ஆனால் 'அக்கு வேறு ஆணி வேறு' என்பதில் வருகிற அக்குவுக்கும் இதற்கும் உறவு கிடையாது. அப்படி முடிச்சுப் போட யாராவது வந்தால் நம்ப வேண்டாம்.

இந்தச் சொல்லைச் சீனர் ஆக்கவில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியர் வில்லெம் டென் ரைனே ஆக்கினார். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த அதே கம்பனிதான். அவர் 1670களில் யப்பானின் நாகசாகித் துறைமுகத்தில் இருந்த கம்பனியின் தேசிமா நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே ஊசி வைத்தியத்தைக் கண்டார். 1683இல் இலண்டனில் வெளியான தன் இலத்தீன் நூலில் அதற்கு 'அக்குபுங்க்தூரா' என்று பெயர் வைத்தார். பெயரில் ஊசி மட்டும்தான் ஏறியது.

சீனப் பெயர் 'ஜென்ஜியு'. ஜென் என்றால் ஊசி. ஜியு என்றால் காய்ந்த மூலிகையை எரித்து அந்தச் சூட்டை உடம்பில் ஏற்றுவது. மூலிகை நம் மாசிபத்திரி இனத்துச் செடி. யப்பானியர் அதை மொகுசா என்பார்கள், ஐரோப்பியர் வாயில் அது மொக்சா ஆனது. 2010இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும் ஊசி, சூடு இரண்டையும் சேர்த்தே பதிந்தது. மாதவிடாய் வலிக்கு வந்தால் இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். அடிவயிற்றில் குளிர் தங்கி, இரத்தம் ஓடாமல் தேங்குவதால்தான் வலி என்பது சீன வைத்தியத்தின் பிரபலமான விளக்கங்களில் ஒன்று. 'ஓடினால் நோகாது, நோகிறதென்றால் ஓடவில்லை' என்பது அவர்களுடைய சூத்திரம். நம் வீடுகளில் சூடு கூடினால்தான் குற்றம், அங்கே பெரும்பாலும் குளிர். ஆனாலும் இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கிற அம்மம்மாவுக்கு அவர்களுடைய சிகிச்சை புதிராக இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு சொல்: 'ஜிங்'. நெசவில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல்தான் அதன் பழைய பொருள். அதிலிருந்து, மாறாத ஒழுங்கு என்ற பொருள் வந்தது. மதிப்பான பழைய நூல்களும் ஜிங்தான். நூல் என்ற நம் சொல்லும் இழைக்கும் புத்தகத்துக்கும் பொதுவாக இருக்கிறதே, அதே கதை. உடம்பில் 'சி' என்கிற உயிராற்றல் ஓடுவதாகச் சொல்லும் தடங்களும் ஜிங். மாதவிடாயும் ஜிங்: 'யுவேஜிங்', மாதத்தின் ஒழுங்கு. வலியோடு வந்தால் 'தோங்ஜிங்'. எங்கள் பெயர்களைப் பாருங்கள். விடாய் என்றால் களைப்பு, தாகம். விலக்கு என்றால் ஒதுக்குதல். தீட்டு என்கிற துடக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் ஒழுங்கைப் பார்த்துப் பெயரிட்டார்கள், நாங்கள் பெண்ணை எங்கே இருத்துவது என்று பார்த்துப் பெயரிட்டிருக்கிறோம்.

இந்த வலிக்கு ஊசி குத்த அதிகம் பயன்படும் புள்ளி 'சான்யின்ஜியாவ்': மூன்று யின் தடங்கள் சந்திக்கும் இடம் (தடங்களைச் சீன வைத்தியம் யின், யாங் என்று இரண்டு வகையாகப் பிரிக்கும்). உட்கணுக்காலின் எலும்பு முனைக்கு மேலே நான்கு விரல் அகலத்தில், காலெலும்பின் பின் ஓரத்தில் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அதில் குத்துவதை மரபே தவிர்க்கச் சொல்கிறது. நவீன மருத்துவம் இந்த வலியை வேறு விதமாக விளக்கும். புரொஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கருப்பையை இறுக்கிப் பிழிகிறது, ஐபுபுரோஃபென் போன்ற குளிசைகள் அது உருவாவதைக் குறைக்கின்றன. ஊசி உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்த்த ஆய்வுகள் பல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற கொக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட மதிப்பாய்வு, தீர்மானமாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. சிலருக்குச் சுகமாக இருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைந்து போனாலோ, மாதவிடாய் முடிந்த பிறகும் அடிவயிற்று நோ நிற்காவிட்டாலோ, முதலில் பெண்நோயியல் டொக்டரிடம் போய்க் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊசியை அப்புறம் பார்க்கலாம்.

இனித் தமிழ்ச் சொல். ஊசி வைத்தியம் என்றால் இங்கே எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் போடுகிற ஊசிதான் நினைவுக்கு வரும். வர்மம் என்று சொல்வதும் பொருந்தாது. அது சித்த மருத்துவத்தின் தனிக் கலை, அதன் புள்ளிகளும் கணக்கும் வேறு. தமிழ்நாட்டில் சிலர் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டுவிட்டு அதையும் அக்குபங்சர் என்கிறார்கள். சொல்லின் வேரே ஊசியாக இருக்கும்போது இது எனக்கு ஒத்துவரவில்லை. அதற்குத் தொடுசிகிச்சை என்றே பெயர் இருக்கட்டும். விரலால் அழுத்துவது அக்குபிரஷர், அழுத்தமுறை என்றால் போதும். எழுத்தில் குத்தூசி மருத்துவம் நிலைத்துவிட்டது, பிழையும் இல்லை. வேலிக் குத்தூசி நினைவிலுள்ள ஊரில் மட்டும் நான் 'நுண்ணூசி வைத்தியம்' என்பேன். மொக்சாவையும் சேர்த்துச் செய்தால் 'நுண்ணூசியும் மூலிகைச் சூடும்'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் டென் ரைனே பெயரில் விட்ட பாதி இதில் இருக்கிறது.

மச்சாளிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். "நுண் எண்டால் எவ்வளவு?" என்றாள். பெரும்பாலும் கால் மில்லிமீற்றர் தடிப்பு, ஊசி மருந்து ஏற்றுகிற ஊசி அதைவிட இரண்டு மூன்று மடங்கு என்றேன். "அப்ப அதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றாள்.