தோர்னபுவோனி வீதியில் பை வாங்கும் முன்: தோல் தொழிலிலிருந்து சில குறிப்புகள்

இத்தாலி போய்வந்த நண்பர்கள் புதுக் கைப்பையை என் முன்னால் நீட்டி, "நல்ல தோல்தானே, பார்த்துச் சொல்லுங்கள்" என்பது வழக்கமாகிவிட்டது. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஃபினிஷிங் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. சிக்கல் என்னவென்றால், வாங்கிய பிறகுதான் கேட்பார்கள். பல நேரம் அது தோலே இருக்காது. பூச்சுப் பூசிய பருத்தி கேன்வாஸ், அதன்மேல் அச்சடித்த லோகோ. கைப்பிடியும் ஓரப்பட்டையும் மட்டும் தோல். கடைக்காரர் ஏமாற்றவில்லை. விவரச் சீட்டில் தெளிவாகவே எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை.

இவர்களில் பலர் வாங்கியது ஃப்ளோரன்ஸ் நகரத்தின் வியா தே தோர்னபுவோனி என்ற வீதியில். அந்தினோரி சதுக்கத்தில் தொடங்கி ஆர்னோ ஆற்றின் சாந்தா த்ரினிதா பாலத்தில் முடிகிற, நிதானமாக நடந்தாலும் சீக்கிரம் முடிந்துவிடும் தெரு. ஃபெர்ரகாமோ, குச்சி (Gucci), பிராடா என்று பெரிய பெயர்கள் வரிசையாக இருக்கும். ஆனால் கட்டடங்களைப் பாருங்கள், எல்லாம் பழைய வங்கிக்காரர்களும் வணிகர்களும் கட்டிய மாளிகைகள். ஸ்த்ரோஸ்ஸி மாளிகைக்கு 1489-இல் அடிக்கல் போட்டார்கள். கட்டச் சொன்ன ஃபிலிப்போ ஸ்த்ரோஸ்ஸி இரண்டே வருடத்தில் இறந்துபோனார். தெருவுக்குப் பெயர் தந்த தோர்னபுவோனி குடும்பத்தின் பெண்தான் லுக்ரேஸியா, பதினைந்தாம் நூற்றாண்டில் ஃப்ளோரன்ஸை ஆண்ட லொரென்ஸோ தே மெதிச்சியின் தாய். ஆற்றோரம் கோட்டை போல நிற்கும் ஸ்பீனி ஃபெரோனி மாளிகை 1289-இல் தொடங்கியது. 1865 முதல் 1871 வரை ஃப்ளோரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்தபோது நகராட்சி இங்கேதான் இயங்கியது.

அந்த மாளிகையை 1938-இல் வாங்கியவர் சால்வதோரே ஃபெர்ரகாமோ, செருப்புத் தைப்பவர். போனீதோ என்ற தென்னித்தாலிய ஊரில் பிறந்து, அமெரிக்கா போய், ஹாலிவுட் நடிகைகளுக்குக் காலணி செய்து, 1927-இல் இத்தாலி திரும்பி ஃப்ளோரன்ஸில் தொழில் தொடங்கினார். 1933-இல் திவாலானார். பிறகு எழுந்த விதம்தான் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சுவாரசியம். முசோலினி அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது படையெடுத்ததால் 1935-இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் இத்தாலிக்குப் பொருளாதாரத் தடை போட்டது. காலணியின் நடுவளைவைத் தாங்கும் நல்ல எஃகுப் பட்டை கிடைக்கவில்லை. கிடைத்த மட்டமான எஃகு ஒடிந்தது. அவர் சார்தீனியா தீவின் கார்க்கை அடுக்கி ஒட்டி, குதிகாலுக்கும் பாதத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை அடைத்துவிட்டார். இன்று எல்லோரும் போடும் வெட்ஜ் செருப்பு அப்படிப் பிறந்தது. தோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ராஃபியா நார், மிட்டாய் சுற்றும் செலோஃபேன் தாளில்கூட மேற்பாகம் செய்தார். மாளிகையின் அடித்தளத்தில் உள்ள அருங்காட்சியகம் 1995-இல் திறந்தது. கடையில் எதுவும் வாங்காவிட்டாலும் அதைப் பார்த்துவிடுங்கள்.

குச்சியின் கதையும் இதே தடைக்காலத்தில்தான் திரும்பியது. 1921-இல் குச்சியோ குச்சி பக்கத்துத் தெருவான வின்யா நுவோவாவில் தோல் சாமான் கடை போட்டவர். தோல் இல்லாதபோது நேப்பிள்ஸ் பக்கத்துச் சணல் துணியில் வைரக்கட்டம் அச்சடித்துப் பெட்டி செய்தார்கள். ஆக, துணிப்பை என்பது தட்டுப்பாட்டில் வந்த வேலை. இன்றைக்குத் தட்டுப்பாடு ஏதும் இல்லை, கேன்வாஸ் பை மட்டும் தோல்பை விலைக்கு விற்கிறது. உழைப்பும் நீடிப்பும் அதில் இல்லை என்று சொல்லவில்லை. பூச்சு கேன்வாஸ் மழைக்குத் தாங்கும், நன்றாகவே உழைக்கும். தோலுக்கென்று காசு கொடுக்கிறோம் என்று நினைத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

சரி, தோல்தான் வேண்டும் என்றால் எப்படிப் பார்ப்பது? பையின் உள்பக்கம், ஜிப்புக்குக் கீழே, வெட்டிய ஓரம் எங்காவது தெரிகிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் ஓரத்துக்கு மை பூசியிருப்பார்கள். பூசாத இடம் கிடைத்தால், நார் நாராகப் பின்னிய குறுக்குவெட்டு தெரிய வேண்டும். மேலே தனி ஏடாகப் பளபளப்பு, கீழே பஞ்சு போல் இருந்தால் அது ஸ்ப்ளிட்டின்மேல் (தோலைப் பிளந்தால் கிடைக்கும் கீழடுக்கு) பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியது. அடுத்து, கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். கிரெய்ன், அதாவது தோலின் இயற்கையான மேற்பரப்பு, கெடாத தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கம் ஓடி, எடுத்ததும் மறையும். கனமான பூச்சில் குழி மட்டும் விழும். ஐரோப்பியத் தரப்படி பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதை வெறுமனே தோல் என்று சொல்லக் கூடாது. காலணியில் இன்னும் எளிது: ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் செருப்பில் எந்தப் பொருளால் செய்தது என்ற குறிப்பு, படக் குறியீடாகவோ எழுத்தாகவோ, கட்டாயம். விரித்த மாட்டுத்தோல் வடிவம் தோலைக் குறிக்கும். அதன் நடுவே சிறு டைமண்ட் இருந்தால் பூச்சுத் தோல். தனி டைமண்ட் என்றால் தோலும் துணியும் அல்லாத வேறு பொருள்.

'மேட் இன் இத்தாலி' முத்திரையை மட்டும் வைத்து மயங்க வேண்டாம். 2024-இல் மிலான் நீதிமன்றம் ஒரு பிரபல நிறுவனத்தின் இத்தாலியத் தயாரிப்புக் கிளையை நீதிமன்றக் கண்காணிப்பில் வைத்தது. கடையில் 2,600 யூரோ விலையுள்ள ஒரு பைக்கு, மூலப்பொருள் நீங்கலாக, துணை ஒப்பந்தப் பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ என்று வழக்கு ஆவணங்களில் வந்தது. பட்டறை இத்தாலியில்தான் இருந்தது.

மரப்பட்டைச் சாறில் பதனிட்ட தோலை விரும்புகிறவர்கள் நகரத்துக்கு மேற்கே உள்ள சாந்தா க்ரோச்சே சுல்லார்னோ வட்டாரத்துத் தோலைத் தேடலாம். நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையை அங்கே செஸ்ட்நட் மரச்சாறு செய்கிறது. அந்தத் தோல் பதனிடும் ஆலைகளின் கூட்டமைப்பு 1994-இல் தொடங்கியது. அதன் தோலில் செய்த பொருளுடன் வரிசை எண் போட்ட சான்றுச் சீட்டு வரும். ஃப்ளோரன்ஸுக்குள்ளேயே சாந்தா க்ரோச்சே தேவாலயத்தின் பின்னால் ஒரு தோல் பள்ளி உண்டு. போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தர 1950-இல் பிரான்சிஸ்கன் துறவிகளும் இரண்டு தோல் குடும்பங்களும் தொடங்கியது. மேசையில் உட்கார்ந்து தைப்பதை நேரில் பார்த்து வாங்கலாம்.

தெருவில் துணி விரித்து விற்கிற போலிப் பை பக்கம் போகவே வேண்டாம். இத்தாலியில் விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் அபராதம் உண்டு: 300 முதல் 7,000 யூரோ வரை.

அப்புறம் வரி. விலைக்குள்ளேயே 22% வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, இருக்கிறது. 2024 பிப்ரவரி முதல், ஒரே கடையில் 70 யூரோவைத் தாண்டினாலே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் பயணி அந்த வரியைத் திரும்பக் கேட்கலாம். பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி டாக்ஸ்-ஃப்ரீ படிவம் வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் விமான நிலையத்தில் சுங்க ஒப்புதல் வாங்க வேண்டும், அதுவும் பையைச் செக்-இன் செய்வதற்கு முன். அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் கையில் இருக்க வேண்டுமே. இடைத்தரகு நிறுவனத்தின் கட்டணம் போக, முழுத் தொகை வராது. சென்னையில் இறங்கும்போது வரிவிலக்கு வரம்பைத் தாண்டிய மதிப்புக்குச் சுங்கவரி உண்டு. வரம்பு அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன் சுங்கத்துறை தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்துச் சொல்லித் தப்பலாம் என்று நினைத்தால், ரீஃபண்டுக்காக நீங்களே வாங்கிய படிவத்தில் விலை அச்சாகியிருக்கும்.