மருந்து ஊற்றும் முன் செவுளைப் பாருங்கள்

கொளத்தூரில் மீன் வாங்கிய ஒருவர் ஆறு தங்கமீன்களைப் பையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மூன்று வாரமாக மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாய மருந்து, அப்புறம் யாரோ கொடுத்த மஞ்சள் பொடி, அப்புறம் நாம் சாப்பிடும் ஆன்டிபயாடிக் மாத்திரை என்று எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டார். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. ஒரு மீனுக்கு ஒரு பக்கச் செவுள் மூடி அசையவே இல்லை.

பாட்டிலில் தனியாகக் கொண்டுவந்த தொட்டித் தண்ணீரைத்தான் முதலில் சோதித்தேன். அம்மோனியா ஏறினாலும் மீன் இப்படித்தான் தவிக்கும், கல்லில் உரசும். தண்ணீரில் குறை இல்லை. சரி என்று செவுள் நுனியில் ஒரு துணுக்கு வெட்டி, அதே தண்ணீர் ஒரு சொட்டோடு ஸ்லைடில் வைத்துப் பார்த்தால், செவுள் இழைகளுக்கு நடுவே தட்டைப்புழுக்கள் வால்பக்கக் கொக்கியால் கவ்விக்கொண்டு உடம்பை நீட்டுவதும் சுருக்குவதுமாக இருக்கின்றன, தலையில் நான்கு கரும்புள்ளிக் கண்கள். டாக்டைலோகைரஸ் என்ற செவுள் புழு. அவரையும் பார்க்கச் சொன்னேன், வெகுநேரம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இதற்கு மருந்து பிரசிகுவான்டெல், லிட்டருக்கு 2 முதல் 5 மில்லிகிராம். தண்ணீரில் லேசில் கரையாது, நன்றாகக் கலக்கித்தான் ஊற்ற வேண்டும். பில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். அளவுக்குத் தொட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். இரண்டடி தொட்டி, 60, 30, 30 என்றால் 54 லிட்டர், ஆனால் மணலும் மேலே விட்ட இடமும் போக உண்மையில் 45 தான் இருக்கும். கண்ணளவில் மட்டும் ஊற்றாதீர்கள்.

மீன் இரண்டே நாளில் தெளிந்துவிட்டது என்று போன் செய்தார். பத்து நாளில் அதே மீன்கள், அதே தவிப்பு. அடுத்த தவணை போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன், மீன் நன்றாக ஓடியதால் விட்டுவிட்டார். இந்தப் புழு முட்டையிடும், முட்டையை இந்த மருந்து கொல்லாது. நம் ஊர் வெப்பத்தில் சில நாட்களிலேயே முட்டை பொரிந்துவிடும். அதனால் ஐந்து முதல் ஏழு நாளுக்குள் இரண்டாம் தவணை, தேவைப்பட்டால் மூன்றாவதும், இடையில் தண்ணீர் மாற்றி அடியில் கிடக்கும் கழிவை உறிஞ்சி எடுப்பதும் கட்டாயம். தோலில் ஒட்டும் கைரோடாக்டைலஸ் என்ற இன்னொரு தட்டைப்புழு அப்படியல்ல, முட்டையே போடாது. ஸ்லைடில் தாயின் வயிற்றுக்குள் குஞ்சின் கொக்கி தெரியும்.

கப்பி மீனின் ஆசனவாயில் சிவப்பு நூல் போலத் தொங்கினால் அது கமலானஸ் என்ற உருளைப்புழு. பிரசிகுவான்டெல் அதை ஒன்றும் செய்யாது, லெவாமிசோல்தான் கேட்கும், அதையும் இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் போட வேண்டும்.

குளத்துக் கெண்டைகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு நங்கூரப் புழுவில். பெயர்தான் புழு, உண்மையில் அது இறால், நண்டு வகையறா. புழு மருந்து எவ்வளவு கொட்டினாலும் அது போகாது. போகவில்லையே என்று மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினைக் குளத்தில் ஊற்றுகிறார்கள், மீனுக்கு அது விஷம், தாங்கும் அளவுக்கும் சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சாப்பாட்டு மீன் என்றால் அந்த மருந்து நம் தட்டுக்கும் வரும். நிபுணரைக் கேட்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

மீன் நோய்க்குத் தண்ணீரில் ஊற்றும் பார்மலினையும் பர்மாங்கனேட்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், கொதித்துப் பொங்கி ஆவி கிளம்பும், ஆளுக்கே ஆபத்து. பார்மலின் தண்ணீரின் ஆக்சிஜனையும் குறைக்கும், ஏர் பம்ப் ஓடாமல் ஊற்றவே கூடாது. பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த பார்மலினைத் தொடாதீர்கள்.

புது மீனை மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துவிட்டு அப்புறம் பழைய மீன்களோடு விடுங்கள். பரிசோதனைக்கு வரும்போது நோய் கண்ட மீனை உயிரோடு கொண்டுவாருங்கள், ஐஸில் வைத்த செத்த மீன் வேண்டாம். மீன் செத்த கொஞ்ச நேரத்தில் செவுள் புழுவும் கழன்று சிதைந்துவிடும், அப்புறம் ஸ்லைடில் எனக்கு ஒன்றும் கிடைக்காது.