மெதுவாகச் சாப்பிடும் குழந்தைக்கு உணவுக்குழாய் அழற்சி இருக்கலாம்

ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறாள், சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரமாகிறது என்று பெற்றோர் சொல்லும்போது, அதைப் பிடிவாதம் என்றே நினைத்திருப்பார்கள். குழந்தைகளின் இரைப்பை, குடல் நோய்களைப் பார்க்கும் மருத்துவராக, நான் அந்த இடத்தில்தான் நின்று விசாரிப்பேன். இறைச்சியையும் ரொட்டியையும் ஒதுக்குகிறாளா, உணவு நெஞ்சில் நிற்பதாகச் சொன்னதுண்டா, ஆஸ்துமாவோ தோல் அலர்ஜியோ இருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்ற பதில் வந்தால், ஈசினோபிலிக் உணவுக்குழாய் அழற்சி என்ற அரிய நோயை நினைக்க வேண்டும்.

அலர்ஜியோடு தொடர்புடைய ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் உணவுக்குழாயின் சுவரில் குவிவதே இந்நோய். 1990-களில்தான் இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. கைக்குழந்தை பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும். பள்ளி வயதில் வயிற்றுவலி முன்னிற்கும். விழுங்க முடியாத சிரமம் பெரும்பாலும் பதின்வயதில்தான் வெளிப்படும். வயதுக்கேற்ப அறிகுறி மாறுவதாலேயே பலர் அமிலத் தொந்தரவு என்ற பெயரில் நெடுங்காலம் மருந்து சாப்பிடுகிறார்கள்.

இரத்தப் பரிசோதனையால் இதை உறுதிசெய்ய முடியாது. வாய்வழியே கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் கண்ணுக்கு இயல்பாகத் தெரிந்தாலும், வெவ்வேறு உயரங்களிலிருந்து குறைந்தது 6 திசுத் துணுக்குகளை எடுத்தாக வேண்டும். ஏனெனில் அழற்சி திட்டுத்திட்டாகவே பரவியிருக்கும். நுண்ணோக்கியின் உயர் உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் புலத்தில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஈசினோபில்கள் தெரிந்து, வேறு காரணமும் இல்லையெனில் நோய் உறுதியாகிறது.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்து, விழுங்கும் வகை ஸ்டீராய்டு, உணவு விலக்கு ஆகியவற்றில் ஒன்றைக் குடும்பத்தின் சூழலைப் பார்த்துத் தொடங்குகிறோம். ஸ்டீராய்டை விழுங்கிய பின் அரை மணி நேரம் எதுவும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. மருந்து உணவுக்குழாயின் சுவரில் படிந்திருந்தால்தான் வேலை செய்யும். உணவு விலக்கில் பெரும்பாலும் பாலில்தான் தொடங்குகிறோம். தோலில் செய்யும் அலர்ஜிப் பரிசோதனை குற்றவாளி உணவைச் சரியாகக் காட்டுவதில்லை என்பதால், அதை மட்டும் நம்பிப் பல உணவுகளை நிறுத்தி, வளரும் குழந்தையை மெலியவிடக் கூடாது என்று பெற்றோரை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சிகிச்சைகளுக்கு நோய் கட்டுப்படாதவர்களுக்கு, அலர்ஜி அழற்சியைத் தணிக்கும் டுபிலுமாப் ஊசி இருக்கிறது. 2024 முதல் அமெரிக்காவில் 1 வயது நிரம்பி, குறைந்தது 15 கிலோ எடையுள்ள குழந்தைகளுக்கும் அதற்கு அனுமதி உண்டு.

நன்றாகச் சாப்பிடுகிறாளே, இனி எதற்கு மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோபி என்று பெற்றோர் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் நன்றாக மென்று, தண்ணீர் குடித்துச் சமாளிக்கப் பழகிய குழந்தையிடம், அறிகுறி மறைந்த பிறகும் அழற்சி தொடரலாம். பல ஆண்டுகள் தொடர்ந்தால் உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கிவிடக்கூடும். ஆகவே, சிகிச்சை தொடங்கி சுமார் 8 முதல் 12 வாரங்களில் மீண்டும் திசுத் துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகே அந்தச் சிகிச்சை பலித்ததா என்று சொல்வேன்.