'வகை ஓவியம்': என்ன வகை?

காரைக்குடியில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் பட்டாசாலைக் கூடத்தில் படக் கண்காட்சி. விளக்கம் சொன்ன இளைஞர் வாய்க்கு வாய் 'வகை ஓவியம்' என்றார். முன்னால் உட்கார்ந்திருந்த ஆச்சி கேட்டுவிட்டார்: "என்ன வகை தம்பி?" அவர் விழித்தார். குற்றம் அவருடையதில்லை, அந்தச் சொல்லுக்குள் பதிலே கிடையாது.

'ஜான்ர் பெயின்டிங்' என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்ததுதான் 'வகை ஓவியம்'. 'ஜான்ர்' பிரெஞ்சுச் சொல். லத்தீன் 'கெனுஸ்' வழி வந்தது. இனம், வகை என்று பொருள். புராணத்தையும் வரலாற்றையும் வரைவதே உயர்ந்தது என்று பிரெஞ்சுக் கலைக்கழகம் நினைத்த காலத்தில், மற்றதெல்லாம் 'வகைகள்' என்று கீழே வைக்கப்பட்டன. எளிய மக்களின் அன்றாடத்தை வரைவதற்கு மட்டும் அந்தப் பெயர் பின்னால்தான் நிலைத்தது. அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிட்டால் இந்தக் கதை எங்கே தெரியும்? பழம், பாத்திரம் போன்ற பொருள்களை வரையும் 'ஸ்டில் லைஃப்' என்பதை 'அசைவற்ற வாழ்க்கை' என்று எழுதுவதும் இதே அவசரம்தான். தட்டில் இருக்கும் பழத்துக்கு என்ன வாழ்க்கை?

சிலர் 'நாட்டுப்புற ஓவியம்' என்கிறார்கள். கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் இது இன்னும் பெரிய பிழை. நாட்டுப்புறம் என்றால் வரைந்தவரும் மரபும் அங்கிருந்து வரவேண்டும். அன்று சுவரில் மாட்டியிருந்த மல்யுத்தப் படத்தை வரைந்த கிம் ஹாங்டோ (பிறப்பு 1745) கொரிய அரசவையின் ஓவியர். அந்தப் படத்தில் இருவர் மல்லுக்கட்டுகிறார்கள், சுற்றிலும் கூட்டம், கழற்றிப்போட்ட செருப்புகள் ஓரத்தில். மிட்டாய்த் தட்டை மாட்டிக்கொண்ட பையன் மட்டும் சண்டையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்து நிற்கிறான். அவனுக்கு வியாபாரம் முக்கியம். அரண்மனைக்காரர் தெருவைப் பார்த்து வரைந்ததை 'நாட்டுப்புற'த்தில் சேர்த்தால், வரைந்தது யார், வரையப்பட்டது யார் என்பதே குழம்பிப்போகும். கொரியர்கள் இதைப் 'புங்சொக்ஹ்வா' என்கிறார்கள். மக்களின் பழக்கவழக்கங்களைக் காட்டும் ஓவியம் என்று பொருள். படத்தில் இருப்பதை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள்.

'வாழ்வியல் ஓவியம்' பரவாயில்லை. ஆனால் 'இயல்' ஒட்டியதும் அது பாடப்புத்தகத் தலைப்பாகிவிடுகிறது. 'அன்றாட வாழ்க்கை ஓவியம்' என்பதே சரி. நீளம் என்பார்கள். இருக்கட்டும், கேட்டதும் புரிகிறதே.

அன்று ஆச்சியிடம் அப்படித்தான் சொன்னேன். "ஆத்தங்குடியில தரைக்கல்லு செய்யக் கண்ணாடி மேல அச்சை வச்சுக் கலர் சிமெண்ட் ஊத்துறாங்களே, அந்த ஆளை வேலை செய்யுறப்பவே வரைஞ்சா அது இந்த ஓவியம்தான் ஆச்சி." அவர் மறுபடி எழுந்துபோய் மிட்டாய்ப் பையனைப் பார்த்தார்.