‘அக்சஸிபிலிட்டி’க்குத் தமிழ் என்ன?

கல்லூரிகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் ‘அக்சஸிபிலிட்டி’. பெரும்பாலும் சாய்தளம், லிஃப்ட், கைப்பிடி வைத்த கழிப்பறை என்ற அளவில்தான் அதைப் புரிந்துகொள்கிறோம். சொல்லின் பொருள் அதைவிட அகலமானது. கட்டடமோ, பாடக்குறிப்போ, இணையதளமோ, தேர்வோ, எதுவானாலும் மாற்றுத்திறனாளியும் மற்றவர்களைப் போலவே அதை அடைந்து பயன்படுத்தும்படி அமைந்திருக்கும் தன்மையே அக்சஸிபிலிட்டி.

பார்வையற்ற மாணவர் ஒருவர் பாடக்குறிப்பு ஒன்றைக் கணினியில் திறக்கிறார். என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான் அதைக் குரலில் படிக்க வேண்டும். அது தமிழும் படிக்கும். ஆனால் ஆசிரியர் குறிப்பைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தால், திரையில் ‘தமிழ்’ என்று தெரிகிற இடத்தில் கோப்புக்குள் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தானே படிக்கும்? குறிப்பு முழுக்க அந்த மாணவருக்கு அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டமாகப் போய்விடுகிறது. ஸ்கேன் செய்த பக்கம் இன்னும் மோசம், அது வெறும் படம். அதே குறிப்பை, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட யூனிகோடில் அடித்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய எழுத்துருவில் குறிப்புகள் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ‘அக்கேதெரே’ என்றால் நெருங்குதல், கிட்டப் போதல். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ‘அக்சஸ்’. தொடக்கத்தில் அது காய்ச்சல் வந்து தாக்குவதையும் குறித்தது. பிரெஞ்சில் அந்தப் பொருள் இன்றும் வழக்கில் உண்டு. ‘அக்சஸிபிள்’ என்பதற்கு நெருங்கக்கூடியது என்று பொருள். மலைக்கும் சொல்லலாம், மன்னருக்கும் சொல்லலாம்.

மாற்றுத்திறனாளிகளோடு இந்தச் சொல் இறுகப் பிணைந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அதில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து திரும்பிய வீரர்கள் படிக்க வந்தபோது, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் திமோத்தி நியூஜென்ட் அவர்களுக்கென ஒரு திட்டத்தை 1948இல் தொடங்கினார். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்குச் சாய்தளம் எவ்வளவு சரிவாக இருக்கலாம், கதவு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதெல்லாம் அங்கே ஆராயப்பட்டன. அந்த உழைப்பின் பயனாக 1961இல், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி கட்டடங்களை அமைப்பதற்கான அமெரிக்காவின் முதல் தரவிதி வந்தது. அதன் தலைப்பிலேயே ‘அக்சஸிபிள்’ என்ற சொல் இருந்தது. பிறகு கட்டடத்திலிருந்து கணினிக்குத் தாவியது. இணையப் பக்கங்களுக்கான வழிகாட்டி 1999இல் வந்தது. ஐ.நா. 2006இல் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் இதற்கென்றே 9ஆம் பிரிவு இருக்கிறது. இந்தியா 2007இல் அதை ஏற்று, 2016இல் புதிய சட்டம் இயற்றியது.

தமிழில் இதற்குப் பல சொற்கள் உலவுகின்றன: அணுகுதிறன், அணுகுமை, அணுகல்தன்மை, அணுக்கம், தடையற்ற சூழல். பெரும்பாலானவை ‘அணுகு’ என்ற வினையில் பிறந்தவை. அண்மை, அண்டு, அணை எல்லாம் அதற்கு உறவு. அரசரிடம் பழகுவோர் ‘அகலாது அணுகாது’ தீக்காய்பவர் போல இருக்க வேண்டும் என்று குறள் (691) சொல்கிறதே, அதே அணுகுதான். லத்தீன் வேரும் நெருங்குதலையே சொல்வதால் பொருத்தம் தானாக அமைந்துவிட்டது.

இவற்றுள் ‘அணுகுதிறன்’ எனக்கு உடன்பாடில்லாத சொல். திறன் என்றதும் அது மாணவருடைய திறனாகிவிடுகிறது. “அவருக்கு அணுகுதிறன் குறைவு” என்று யாராவது எழுதினால் இலக்கணப்படி பிழை கண்டுபிடிக்க முடியாது, ஆனால் பழி மாணவர் தலையில் விழுந்துவிடும். குறை பாமினி கோப்பில் இருக்கிறது, கேட்பவரிடம் இல்லை. ‘அணுகல்தன்மை’ என்றால் தன்மை பொருளுக்கு உரியது: கோப்பின் அணுகல்தன்மை, வகுப்பறையின் அணுகல்தன்மை. அதனால் பெயர்ச்சொல்லுக்கு அதையும், அடைமொழிக்கு ‘அணுகத்தக்க’ என்பதையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் துணிபு. ‘தடையற்ற’ என்பது சாய்தளத்துக்கும் நடைபாதைக்கும் அழகாகப் பொருந்தும். பாடக்குறிப்புக்கு அவ்வளவாக ஒட்டாது. ‘அணுகுமுறை’ வேறு பொருளில் வேரூன்றிவிட்டதால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இன்னும் இரண்டு இடங்களில் குழப்பம் வருகிறது. உயர்கல்வி பற்றிப் பேசும்போது வெறும் ‘அக்சஸ்’ என்றால் அது சேர்க்கை வாய்ப்பு. 2016 சட்டப்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு. அது சேர்க்கை வாய்ப்பைத் தருகிறது. உள்ளே வந்தபின் பாடம் அவரைப் போய்ச் சேருகிறதா என்பதுதான் அணுகல்தன்மை.

அடுத்தது ‘ரீசனபிள் அக்காமடேஷன்’. இதைத் ‘தங்குமிடம்’ என்று மொழிபெயர்த்துவிடும் ஆபத்து உண்டு. விடுதிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஒருவரது தேவைக்கேற்பச் செய்து தரும் மாற்றம் அது. ‘தகுந்த இணக்க ஏற்பாடு’ எனலாம். தேர்வில் சொல்வதை எழுதுபவரை அனுமதிப்பது, மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தருவது எல்லாம் இந்த வகை. ஆள் கேட்ட பிறகு செய்வது இணக்க ஏற்பாடு. யாரும் கேட்கும் முன்பே செய்து வைப்பது அணுகல்தன்மை. உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் அளித்த ராஜீவ் ரதூரி வழக்குத் தீர்ப்பில் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. அணுகல்தன்மைக்குக் கட்டாய விதிகள் வேண்டும் என்றும் சொன்னது.

வகுப்பறையில் இது தொழில்நுட்பம் மட்டுமல்ல. கணக்கு வகுப்பில் கரும்பலகையைச் சுட்டி “இதை இங்க கொண்டுவந்தா அது அடிபட்டுப் போயிடும்” என்று சொல்வது வழக்கம். பார்வையற்ற மாணவர் காதில் விழுவது ‘இது, இங்க, அது’ மட்டுமே. “வலப்பக்க எக்ஸை இடப்பக்கம் கொண்டுவந்தால்” என்று வாய்விட்டுச் சொன்னால் அந்த வகுப்பு அணுகத்தக்க வகுப்பு. எழுதும்போது, “எங்கள் துறைப் பாடக்குறிப்புகள் அணுகத்தக்க வடிவில் கிடைக்கும்”, “வினாத்தாளின் அணுகல்தன்மையை அச்சிடும் முன் சரிபார்க்கவும்” என்று தயங்காமல் எழுதலாம்.